முகத்தில் விழும் மடிப்பு: கத்தியா, ஊசியா?

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த பழமொழி. அகம் தெரிகிறதோ இல்லையோ, வயது நன்றாகத் தெரிகிறது. செஞ்சிப் பேருந்து நிலையத்தில் அரை மணி நேரம் நின்று வருவோர் போவோர் முகங்களைப் பாருங்கள். மல்லாட்டைக் கொல்லையில் களை வெட்டிவிட்டு வரும் நாற்பது வயது அம்மாவின் முகத்தில், மூக்கோரத்தில் தொடங்கி வாயோரம் வரை இரண்டு ஆழமான கோடுகள் இறங்கியிருக்கும். நிழலில் உட்கார்ந்து வேலை செய்யும் ஐம்பது வயது அம்மாவுக்கு அந்தக் கோடு அவ்வளவாகத் தெரியாது. ஏன் இந்த வேறுபாடு? அந்தக் கோட்டை அழிக்க முடியுமா? அழிக்கத்தான் வேண்டுமா? பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய நாங்கள் இதைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

இந்தக் கேள்வி எங்களுக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. எங்களில் ஒருத்தியின் பெரியம்மா, மகள் கல்யாணத்துக்கு முன் "பத்து நிமிடத்தில், கத்தியில்லாமல், மடிப்பு மறையும்" என்ற விளம்பரம் ஒன்றைப் பார்த்துவிட்டு, "நீங்கள்தான் விஞ்ஞானம் படிக்கிறீர்களே, இது மெய்தானா, சொல்லுங்கள்" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். ஆனால் பதில் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

முதலில் ஒரு சிறு சோதனை. கண்ணாடி முன் நின்று நன்றாகச் சிரியுங்கள். மூக்கோரத்திலிருந்து வாயோரத்துக்கு ஒரு கோடு விழுகிறதல்லவா? சிரிப்பை நிறுத்துங்கள், கோடு போய்விடும். நம் கையிலும் காலிலும் உள்ள தசைகள் எலும்போடு எலும்பை இணைக்கின்றன. முகத்துத் தசைகள் அப்படியல்ல. அவற்றில் பெரும்பாலானவை ஒரு முனையில் எலும்பையும் மறுமுனையில் தோலையும் பிடித்திருக்கின்றன. கன்னத்து எலும்பிலிருந்து வாயோரத்துக்கு இறங்கும் தசை சுருங்கும்போது வாயோரத்தை மேலே இழுக்கிறது. கன்னத்துத் தோலும் அதன் கீழுள்ள கொழுப்பும் குவிந்து மடிகின்றன. தொட்டில் குழந்தை சிரித்தாலும் அந்த மடிப்பு விழும். ஆகவே இது நோயும் அல்ல, குறையும் அல்ல.

சிரிப்பு நின்ற பிறகும் கோடு நிற்கத் தொடங்குவதுதான் பெரியவர்களின் கவலை. நம் தோலில் மேல்தோல், உள்தோல் என இரண்டு அடுக்குகள் இருப்பதைப் பாடத்தில் படித்திருக்கிறோம். உள்தோலில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் தோலுக்கு உறுதியைத் தருகிறது. எலாஸ்டின் என்ற இன்னொரு புரதம், இழுத்தால் திரும்பிவரும் தன்மையைத் தருகிறது. வயது ஏற ஏற இவை குறைகின்றன. கன்னத்துக் கொழுப்பும் வற்றிக் கீழே சரிகிறது. மேல்தாடை எலும்பே கொஞ்சம் உள்வாங்குகிறது. கூடாரத்தின் துணி நைந்து, உள்ளே நிற்கும் கழியும் குட்டையானால் என்ன ஆகும்? துணி தொய்ந்து மடியும். முகத்திலும் அதுவேதான் நடக்கிறது.

வெயில் இதை விரைவுபடுத்துகிறது. சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்களில் ஒருவகை உள்தோல் வரை சென்று கொலாஜனைச் சிதைக்கிறது. அது கண்ணாடி ஜன்னலையும் கடந்து வரக்கூடியது. அமெரிக்காவில் 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012இல் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்தது. அவருடைய முகத்தின் இடப்பக்கம் முழுவதும் ஆழமான மடிப்புகள். வலப்பக்கமோ அவ்வளவு மோசமில்லை. அந்த நாட்டில் ஓட்டுநரின் இடப்பக்கத்தில்தான் ஜன்னல்! (நம் ஊர் ஓட்டுநர்களுக்கு வலப்பக்கம் என்பதை நினைவில் கொள்க.) ராஜகிரிப் பாறை காயும் வெயிலில் நாள் முழுவதும் குனிந்து நிற்கிற நம் தாய்மார்களுக்கு இரு பக்கமும் ஒன்றுதான். புகையிலைப் புகையும் தோலை இப்படியே கெடுக்கிறது.

இங்கே ஒரு நல்ல செய்தியையும் சொல்ல வேண்டும். நம் தோலின் கறுப்பு நிறத்துக்குக் காரணமான மெலனின், புற ஊதாக் கதிர்களை ஓரளவு தடுத்து நிறுத்துகிறது. வெள்ளைத் தோலினரை விட நமக்குச் சுருக்கங்கள் பொதுவாகத் தாமதித்தே வருகின்றன. இயற்கை இலவசமாகத் தந்த குடையை, சிவப்பழகுக் களிம்பு வாங்கிப் பூசி மடக்கிவைக்கப் பார்க்கிறோமே, இது என்ன விந்தை!

இந்த மடிப்புக்கு ஒரு பயனும் உண்டு என்று அறிந்தபோது எங்களுக்கு வியப்பாயிருந்தது. முகவாதம் வந்தவரை மருத்துவர் எப்படிச் சோதிக்கிறார் தெரியுமா? "சிரியுங்கள்" என்கிறார். முக நரம்பு செயலிழந்த பக்கத்தில் மூக்கோரக் கோடு விழாது. அந்தப் பக்கம் வழவழப்பாக, ஒரு கோடுமின்றி இருக்கும். அந்த வழவழப்பை யாரும் அழகு என்று சொல்வதில்லை. முகவாதம் நிலைத்துவிட்டவர்களுக்கு அறுவை செய்யும் நிபுணர்கள், இல்லாமல் போன அந்த மடிப்பை மீண்டும் உண்டாக்கத்தான் பாடுபடுகிறார்கள். ஒருவர் பணம் கொடுத்து அழிக்க விரும்புவதை இன்னொருவர் திரும்பப் பெறக் காத்திருக்கிறார்.

இனிக் கத்தியில்லாத வழிகளைக் காண்போம்.

எல்லாவற்றிலும் எளியது வெயிலைத் தவிர்ப்பது. முக்காடு, அகன்ற விளிம்புள்ள தொப்பி, குடை, வெயில்தடுப்புக் களிம்பு இவையெல்லாம் வருமுன் காப்பவை. விழுந்துவிட்ட ஆழமான மடிப்பை இவை எடுக்கமாட்டா. அடுத்தது வைட்டமின் ஏ-யின் உறவுப் பொருளான டிரெட்டினாயின் களிம்பு. இது பல மாதங்கள் தொடர்ந்து பூசினால் கொலாஜன் ஓரளவு கூடி நுண்ணிய சுருக்கங்கள் குறையும் என்பது சோதனைகளில் தெளிவாகியிருக்கிறது. ஆனால் தோல் எரியும், உரியும். கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும். மூக்கோரத்து மடிப்பு போன்ற ஆழமான பள்ளத்துக்கு இது போதாது. அது தோலின் சுருக்கம் மட்டுமன்று, கொழுப்பும் எலும்பும் இடம் மாறியதால் வந்தது என்று மேலே பார்த்தோம்.

கடையில் கேட்டு வாங்கும் களிம்புகளைப் பற்றி ஒரு சொல். எங்கள் தோழியின் சித்தி ஒருவர், யாரோ சொன்னார்கள் என்று ஒரு கடையில் பெயர் தெரியாத களிம்பு வாங்கி ஆறு மாதம் பூசினார். முதல் மாதம் முகம் பளபளத்தது. பிறகு தோல் மெலிந்து, சிவந்து, நரம்பு நரம்பாகத் தெரிந்தது. அதில் ஸ்டீராய்டு இருந்திருக்கிறது. ஸ்டீராய்டு தோலை மெல்லியதாக்கும் பொருள். மடிப்பைக் குறைக்கப் பூசியது மடிப்பையே கூட்டும். 2018இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது என்று ஆணையிட்டது. ஆணை டில்லியில் இருக்கிறது, களிம்பு கடைத்தெருவில் இருக்கிறது.

அடுத்து ஊசிகள். இவை இரண்டு வகை. இரண்டையும் ஒன்றென நினைப்பவர்கள் பலர். பெரியம்மாவும் அப்படியே நினைத்திருந்தார்.

முதல் வகை போட்டுலினம் நஞ்சு. கெட்டுப்போன டப்பா உணவில் வளரும் ஒரு பாக்டீரியா உண்டாக்கும் கொடிய நஞ்சு இது. நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையை இது தடுத்துவிடும். மிக மிகச் சிறு அளவில் ஊசியாகப் போட்டால் அந்தத் தசை மட்டும் மூன்று நான்கு மாதங்களுக்கு ஓய்வெடுக்கும். முதலில் மாறுகண் சிகிச்சைக்கே இதைப் பயன்படுத்தினார்கள். கனடாவில் கண் மருத்துவரான ஜீன் கருதர்ஸ், கண் இமைத் துடிப்புக்கு இந்த ஊசி போட்டபோது நெற்றிச் சுருக்கமும் மறைவதை 1980களில் கவனித்தார். அவருடைய கணவர் தோல் மருத்துவர். அந்த வீட்டில் இரவு உணவின்போது என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறோம்! புருவங்களுக்கு நடுவே விழும் கோடுகளுக்கு இந்த ஊசியை 2002இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. ஆனால் மூக்கோர மடிப்புக்கு இது ஏற்றதன்று. அங்கே தசையை ஓய வைத்தால் சிரிப்பே கோணலாகிவிடும்.

இரண்டாவது வகை நிரப்பிகள். பள்ளத்தை மண் போட்டு மேடாக்குவது போல, மடிப்புக்கு அடியில் ஒரு பொருளை ஏற்றி உயர்த்துவது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு பாரஃபின் மெழுகை ஏற்றிப் பார்த்தார்கள். அது உருகி, நகர்ந்து, கட்டி கட்டியாகி முகங்களைப் பாழாக்கியது. பின்னர் 1981இல் மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜன் வந்தது. ஒவ்வாமை வருமா என்று முதலில் கையில் ஊசி போட்டுப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். இன்று பெரிதும் பயன்படுவது ஹையலுரானிக் அமிலம். பெயரில் அமிலம் இருந்தாலும் இது அரிப்பதில்லை. நம் தோலிலும் மூட்டுகளிலும் இயல்பாகவே உள்ள, நீரை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும் பசை போன்ற பொருள். 1934இல் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்ற இருவர் மாட்டுக் கண்ணின் உள்ளிருக்கும் பாகிலிருந்து இதைப் பிரித்தெடுத்தனர். மூக்கோர மடிப்பை நிரப்புவதற்கு என்றே 2003இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது.

ஆக, "பத்து நிமிடத்தில், கத்தியில்லாமல்" என்ற விளம்பரம் பொய்யில்லை. அது சொல்லாமல் விட்டது வேறு. இந்தப் பசை ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரையில் கரைந்துவிடும். பிறகு மீண்டும் போட வேண்டும். ஒரு தடவைக்கே பல ஆயிரம் ரூபாய் ஆகும். அதைவிட முக்கியமாக, முகத்தின் முதன்மையான இரத்தக் குழாய் அந்த மடிப்பின் வழியாகத்தான் மூக்கை நோக்கி ஏறுகிறது. ஊசி தவறி அதற்குள் போய்விட்டால் இரத்த ஓட்டம் அடைபட்டு மூக்கோரத்துத் தோல் அழுகலாம். மிக அரிதாகப் பார்வையே போகலாம். உடனே கண்டுகொண்டால் அந்தப் பசையைக் கரைக்கும் ஒரு நொதி உண்டு. அதைக் கையில் வைத்திருக்கிற, இரத்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று படித்த மருத்துவர்தான் இதைச் செய்யலாம். அழகு நிலையத்தில் பத்து நாள் பழகியவர் செய்யக்கூடாத வேலை இது. பெரியம்மாவிடம் நாங்கள் அழுத்திச் சொன்னது இதைத்தான்.

எந்த விளம்பரத்திலும் வராத ஒரு வழியும் உண்டு. மேல்வரிசைப் பற்கள் விழுந்துவிட்டால் உதட்டுக்கும் கன்னத்துக்கும் உள்ளிருந்து முட்டுக் கொடுக்க ஒன்றுமில்லை. வாய் உள்வாங்கி மடிப்பு ஆழமாகிறது. நன்றாக அளவெடுத்துச் செய்த பல் செட் இதை ஓரளவு சரிப்படுத்துகிறது, சோறு மெல்லவும் உதவுகிறது. நம் ஆயாக்கள் பலருக்கு மிகப் பொருத்தமான 'அழகு சிகிச்சை' இதுதான். பெரியம்மாவும் கடைசியில் பல் மருத்துவரிடம்தான் போனார். கல்யாணப் படத்தில் நன்றாகவே சிரித்திருக்கிறார்.

கத்தியின் பக்கம் வருவோம். காதுக்கு முன்னால், தலைமுடியை ஒட்டிக் கீறி, தொய்ந்த தோலையும் அதன் கீழுள்ள உறுதியான சவ்வையும் மேலே இழுத்துத் தைத்து, மிஞ்சிய தோலை வெட்டி எடுப்பது முகத்தூக்கு அறுவை. அந்தச் சவ்வை 1976இல் பிரெஞ்சு மருத்துவர்கள் இருவர் விளக்கிய பிறகே இந்த அறுவை உறுதிப்பட்டது. வெறும் தோலை இழுத்தால் காற்றில் பறப்பவர் முகம் போலத் தோன்றும், சில காலத்தில் மறுபடி தொய்யும். சவ்வை இழுத்தால் பத்தாண்டு போல நிற்கிறது. ஆனால் கேளுங்கள்: இந்தப் பெரிய அறுவை தாடையையும் கழுத்தையும்தான் நன்றாகச் சீர்ப்படுத்தும். மூக்கோர மடிப்பு அதிகம் குறைவதில்லை. இழுக்கும் இடத்திலிருந்து அது தொலைவில் அல்லவா இருக்கிறது! மயக்க மருந்து, தோலடி இரத்தக் கட்டு, முக நரம்பில் கத்தி படும் ஆபத்து ஆகியவையும் உண்டு. மடிப்பு இருக்கும் இடத்திலேயே தோலைச் சீவி எடுத்துத் தைப்பது மற்றொரு முறை. மடிப்பு நிச்சயம் குறையும். மடிப்பின் இடத்தில் தழும்புக் கோடு இருக்கும். கறுத்த தோலில் தழும்பு கருத்தும் தடித்தும் வளரக்கூடும் என்பதால் நம்மவர்களுக்கு இதை எளிதில் சொல்லமாட்டார்கள்.

இவ்வளவு படித்ததும், "வயதான மடிப்புக்கு இத்தனை பாடா? விட்டுவிடலாமே!" என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. அப்படியே கட்டுரையை முடித்திருப்போம். ஆனால் எங்கள் சிஸ்டர், "வயதாகாமலே மடிப்பு விழுந்தவர்களைப் பற்றி எழுதினீர்களா?" என்று கேட்டார்கள். அதன் பிறகுதான் வேலூர்க் கதையைத் தேடிப் படித்தோம்.

அன்றைய தென்னார்க்காடு, வடஆர்க்காடு, செங்கற்பட்டு மாவட்டங்கள் தொழுநோய் மிகுந்திருந்த பகுதிகள். செங்கற்பட்டை அடுத்த திருமணியில் இந்நோய்க்கென ஒரு மருத்துவமனை இருந்தது. அது 1955இல் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமாயிற்று. தொழுநோயில் ஒரு வகையில், கிருமிகள் முகத்துத் தோலில் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. தோல் தடித்து வீங்கி விரிகிறது. எலாஸ்டின் நார்கள் அழிகின்றன. காதுச் சோணை நீளுகிறது. புருவ முடி உதிர்கிறது. மூக்கின் உள்ளே உள்ள குருத்தெலும்பு கரைந்து மூக்கு அமுங்குகிறது. 1940களில் டாப்சோன் என்ற மருந்து வந்தது. கிருமிகள் மடிந்தன, வீக்கம் வடிந்தது. ஆனால் விரிந்த தோல் சுருங்கவில்லை. காற்றுப் போன பலூன் போலத் தொங்கியது. முப்பது வயது வாலிபருக்கு எழுபது வயதுக் கிழவரின் முகம்! நோய் போய்விட்டது, நோயாளி என்ற முத்திரை போகவில்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த டாக்டர் பால் பிராண்ட், 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். அவர் திருமணி மருத்துவமனைக்குச் சென்று, மடங்கிப்போன விரல்களைக் கண்டார். நல்ல தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றிக் கட்டி, கைகளை மீண்டும் திறக்கச் செய்தார். உலகமே புகழ்ந்த வேலை. ஆனால் கை சரியாகி ஊருக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். முகத்தைப் பார்த்ததும் யாரும் வேலை தரவில்லை. கையோ நன்றாகிவிட்டது, ஆகையால் பிச்சையும் கிடைக்கவில்லை. இதை ஒரு நோயாளி அவரிடமே சொன்னார் என்று படித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

எனவே முகத்துக்கும் அறுவை தொடங்கியது. முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்குச் சிகிச்சை செய்து பெயர் பெற்ற சர் ஹெரால்டு கில்லீசிடமிருந்து பிராண்ட் ஒரு முறையைக் கற்றுக்கொண்டார். மேலுதட்டின் உட்புறத்தில் கீறி, மூக்குக்குள் சுருங்கிப்போன தழும்பை விடுவித்து, பல் மருத்துவர் பயன்படுத்தும் மெழுகில் ஓர் அச்சுச் செய்து, அதன்மேல் உடலின் வேறிடத்துத் தோலைப் போர்த்தி உள்ளே பொருத்துவது. வெளியில் ஒரு தழும்பும் தெரியாமல் மூக்கு எழுந்து நிற்கும். தொங்கும் தோலைக் காதோரத்திலோ மூக்கோர மடிப்பிலோ வெட்டி எடுத்தார்கள். நீண்ட காதுச் சோணையைச் சிறிதாக்கினார்கள். காட்பாடிக்கு அருகே கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனையிலும் இந்த வேலை வளர்ந்தது. அங்கே பணியாற்றிய டாக்டர் எர்னஸ்ட் ஃபிரிட்சி இந்த அறுவைகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

இந்த மடிப்புக்குக் களிம்போ நிரப்பியோ ஏன் உதவாது என்பது இப்போது உங்களுக்கே விளங்கும். வயதானவர் மடிப்பில் உள்ளிருக்கும் பொருள் குறைந்தது, நிரப்பலாம். இவர்கள் மடிப்பில் தோல் மிகுதியாகிவிட்டது, வெட்டத்தான் வேண்டும். மடிப்பு ஏன் வந்தது என்று தெரியாமல் ஊசியா கத்தியா என்று கேட்பதில் பொருளில்லை.

கத்தி எடுக்கவும் காலம் பார்க்க வேண்டும். மருந்தை முழுவதும் முடித்து, நோயின் திடீர் அழற்சிகள் ஆறு மாதமாவது வராமல் இருந்த பிறகே அறுவை செய்கிறார்கள். மருந்து மட்டுமே போதும் என்கிற இடமும் உண்டு. தொழுநோய் முக நரம்பைத் தாக்கினால் கண் இமை மூடாது. தூசி விழுந்து பார்வை போய்விடும். அது நேர்ந்து ஆறு மாதத்துக்குள் வந்தால் ஸ்டீராய்டு மாத்திரையே பலருக்கு நரம்பை மீட்டுவிடுகிறது. (களிம்பில் கெடுத்த அதே ஸ்டீராய்டு, மருத்துவர் கையில் கண்ணைக் காக்கிறது!) காலம் கடந்துவிட்டால் அறுவைதான். மெல்லுவதற்குப் பயன்படும் தசையின் ஒரு பகுதியைப் பிரித்து இமைக்குக் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள். அதன் பிறகு அவர் பல்லைக் கடித்தால் கண் மூடும். நினைத்து நினைத்து மெல்ல வேண்டும். சாப்பிடும்போதெல்லாம் கண் சிமிட்டும். பிராண்டின் மனைவி டாக்டர் மார்கரெட், கண் மருத்துவத்தில் இந்த நோயாளிகளுக்காகவே உழைத்தவர்.

ஆகவே முகத்தைத் திருத்திக்கொள்வது வீண் ஆடம்பரம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது என்பதே எங்கள் எண்ணம். எங்கள் வகுப்பில் இதைப் பற்றி இரண்டு கட்சி ஏற்பட்டது. "கடவுள் தந்த முகத்தை ஏன் மாற்ற வேண்டும்?" என்றது ஒரு கட்சி. "அந்த வாலிபருக்கு நோய் தந்த முகம் அது, கடவுள் தந்தது அதன் அடியில் இருந்தது" என்றது மற்றது. பெரியம்மாவின் ஆசையும் அந்த வாலிபரின் தேவையும் ஒன்றல்லதான். ஆனால் எங்கே ஆசை முடிந்து தேவை தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முயன்றோம். முடியவில்லை. தீக்காயத் தழும்போடு பெண் பார்க்க வருபவர்கள் முன் நிற்கும் அக்காவை எந்தப் பக்கம் வைப்பது?

சட்டம்கூட நெடுங்காலம் முகத்தைப் பார்த்தே பேசியது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் அதுவே விவாகரத்துக்குக் காரணமாகும் என்று நம் நாட்டுத் திருமணச் சட்டங்கள் பலவற்றில் எழுதியிருந்தது. கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருந்தது. 2019இல்தான் நாடாளுமன்றம் அதை நீக்கியது. 1982 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சையால் முழுமையாகக் குணமாகும் நோய் அது. மருந்து கண்டுபிடித்த பின்னும் சட்டத்துக்கு 37 ஆண்டுகள் தேவைப்பட்டன. உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் எதுவானாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால் மருந்து இலவசம். அப்போதே தொடங்கிவிட்டால் தோல் தொங்கும் நிலையே வராது. கத்தியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம்.

இந்தக் கதையில் எங்களை நெடுநேரம் பேச வைத்தது டாக்டர் பிராண்டின் தாயார்தான். எவலின் பிராண்ட் அம்மையார் கொல்லிமலையிலும் சுற்றியுள்ள மலைகளிலும் ஏழைகளுக்குப் பணி செய்து, 1974இல் தம் 95ஆம் வயதில் மறைந்தவர். இளமையில் அழகியாக இருந்தவராம். மலை வெயிலும் காய்ச்சலும் அவர் முகத்தை மடிப்பு மடிப்பாக ஆக்கிவிட்டன. கடைசி இருபது ஆண்டுகளாக அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். தாயின் மடிப்புகளில் அழகைக் கண்ட அந்த மகனே, மற்றவர்களின் மடிப்புகளை வெட்டித் தைத்துக்கொண்டிருந்தார். இதில் முரண் இருக்கிறது என்று எங்களில் பாதிப் பேர் சொல்கிறார்கள். இல்லை, அந்த அம்மையாரை யாரும் பேருந்திலிருந்து இறக்கிவிடவில்லையே என்று மீதிப் பேர் சொல்கிறார்கள்.

புருவத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிடக் கூடாது. புருவம் உதிர்ந்த தொழுநோயாளி என்று எவரும் தூரத்திலிருந்தே கண்டுகொள்வார்கள். ஆகையால், தலையின் பக்கவாட்டில் முடியோடு கூடிய தோல் துண்டு ஒன்றை, அதன் இரத்தக் குழாய் அறாமல், தோலுக்கு அடியில் நகர்த்திக் கொண்டுவந்து புருவத்தின் இடத்தில் பொருத்தினார்கள். அந்த முடிக்குத் தான் புருவத்துக்கு வந்துவிட்டது என்று தெரியாது! தலைமுடி போலவே வளர்ந்துகொண்டிருக்கும். சில வாரங்களுக்கு ஒருமுறை கத்தரித்துவிட வேண்டும். ஆனால் ஆண்டுக்கணக்கில் புருவமில்லாமல் இருந்த சிலர், கத்தரிக்கச் சொன்னாலும் கேட்காமல், அதைக் கண்மேல் விழும் அளவுக்குப் பெருமையாக வளரவிட்டார்களாம்.